குளிர் கேட்கும் கொடி

எங்கள் கீழ்வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டால் தெருவில் பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள். கூலிங் மாமா வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், படுத்திருக்கிற நாய்கூட எழுந்து வந்து வழி காட்டும். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். முன்னறை கடை, நடு அறையில் கட்டில், பின்னால் நாலடிக்குப் பத்தடியில் ஒரு முற்றம். வயது ஐம்பத்தாறு. காதில் எப்போதும் ஒரு பென்சில். ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தையே குனிந்து குனிந்து பார்த்ததில் முதுகு கேள்விக்குறி மாதிரி வளைந்துவிட்டது.

கடையில் எந்நேரமும் ஏழெட்டு ஃப்ரிட்ஜ் நிற்கும். கேஸ் அடைத்ததும் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பார். அதுதான் அவருடைய தெர்மாமீட்டர். மாலை ஆறு மணிக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு எல்லா டம்ளரையும் வரிசையாகக் குடிப்பார். "ம், இது பரவாயில்ல. இது இன்னும் சோம்பேறித்தனம் பண்ணுது" என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுவார். எதிர்வீட்டு வேன்காரர் ஒருநாள், "என்னண்ணே, தனியாவே ரவுண்டு போகுது போல?" என்று சீண்டினார்.

"வாயேன், நாலாவது டம்ளர் சூப்பரா இருக்கு."

வேன்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பச்சைத்தண்ணீர் குடிக்க எவன் வருவான்?

எங்கள் வீடு மாடி. படிக்கட்டின் நான்காவது படியில் உட்கார்ந்தால் அவருடைய கடையும் முற்றமும் ஒரே பார்வையில் தெரியும். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டவளுக்கு உட்கார நேரத்துக்கு என்ன பஞ்சம்? அதனால் கூலிங் மாமாவைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கே தெரியுமா என்பது சந்தேகம்தான்.

அந்த முற்றத்தில் அவர் கிரான்பெர்ரி வளர்த்தார். எங்கள் ஊர் வெயிலில் மொட்டைமாடியில் நின்றால் செருப்பு தரையோடு ஒட்டும். கிரான்பெர்ரியோ பனி பெய்கிற ஊரில் தரையோடு படர்ந்து, சின்னச் சின்னதாகப் புளிப்புப் பழம் காய்க்கிற கொடி. வருடத்தில் மூன்று மாதம் நடுங்க நடுங்கக் குளிர் பட்டால்தான் அதற்குப் பூக்கவே தோன்றும். குளிர் படவில்லை என்றால் இலையாக இலையாக விட்டுக்கொண்டு, நம்மையும் ஏமாற்றித் தன்னையும் ஏமாற்றிக்கொள்ளும்.

செடியைக் கொண்டுவந்தது அத்தை. மாமாவின் மனைவி. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு குளிர்நாட்டில் முதியோர் இல்லத்து வேலைக்குப் போனவர். "ரெண்டே வருஷம்" என்று விரலைக் காட்டிவிட்டுப் போனார். நடுவில் ஒரே ஒரு முறை, ஆறு வருடத்துக்கு முன்னால், இருபது நாள் லீவில் வந்தார். எல்லோரும் வெளிநாட்டிலிருந்து சாக்லேட் கொண்டுவருவார்கள். அத்தை ஒரு கம்பளிக் காலுறைக்குள் ஈரப் பஞ்சு சுற்றி ஏழு கொடித்துண்டு கொண்டுவந்தார். அவர் வேலை பார்க்கும் இல்லத்துக்குப் பின்னால் கிரான்பெர்ரி வயலாம். அறுவடைக்கு வயலில் தண்ணீரைக் கட்டி நிறுத்துவார்களாம். பழமெல்லாம் மேலே மிதந்து வந்து, கண்ணுக்கு எட்டின தூரம் சிவப்பாகக் கிடக்குமாம். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் கிழடுகள் அன்றைக்கு மட்டும் மருந்துக்கு அடம்பிடிக்காதாம்.

லீவு முடிந்து டாக்ஸி வாசலில் நின்றது. பெட்டியைத் தூக்கி வைத்த மாமா, "இனிமே எப்ப?" என்று கேட்டார். அந்த இருபது நாளில் அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான் என்று அம்மா சொல்வாள்.

அத்தை அவரைப் பார்த்தார். கொடித்துண்டு நட்டிருந்த ஏழு தொட்டியையும் பார்த்தார். "இது இங்க காய்க்கும்போது சொல்லுங்க. வர்றேன்."

டாக்ஸி போய்விட்டது. "வர்றதுக்குச் சொன்ன பேச்சாடி அது? வராம இருக்கிறதுக்குச் சொன்ன பேச்சு" என்றாள் அம்மா. தெருவுக்கே புரிந்தது. மாமாவுக்கு மட்டும் அது கஸ்டமர் சொல்கிற கம்ப்ளெயிண்ட் மாதிரி காதில் விழுந்துவிட்டது. என்ன கோளாறு? காய்க்கவில்லை. சரி செய்தால்? வருவார். அவ்வளவுதானே.

முதல் வருடம் குழாய்த் தண்ணீர் ஊற்றினார். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது, செடி பூக்கவில்லை. நாலு போய்ச் சேர்ந்தது. புளிப்பு மண்ணும் உப்பில்லாத தண்ணீரும்தான் அதற்குச் சேரும் என்று எங்கோ விசாரித்துத் தெரிந்துகொண்டார். மணலில் தென்னைநார்த்தூளைக் கலந்து ஒரு கைப்பிடி கந்தகப்பொடி போட்டார். தண்ணீருக்கு அவர் கண்டுபிடித்த வழி அவர் தொழிலிலேயே இருந்தது. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பே கிடையாது. தெருவில் இருக்கிற அத்தனை ஏசிக் குழாய்க்குக் கீழேயும் பெயிண்ட் டப்பாவைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். காலையில் பால்காரர் மாதிரி வாளியோடு வீடு வீடாகப் போவார்.

"ஏம்மா தங்கச்சி, நேத்து ஏசி போடலையா?"

"சளி பிடிச்சிருக்குண்ணே" என்றாள் அம்மா.

"அடடா. உடம்பைப் பாத்துக்கம்மா." இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினார். "சளி எப்ப போகும்?"

அடுத்து குளிர். அதற்குத்தான் ஊரிலேயே சரியான ஆள் இவராயிற்றே. மிச்சமிருந்த மூன்றில் இரண்டை, இருப்பதிலேயே நல்ல ஃப்ரிட்ஜாகப் பார்த்து, உறைபனி பிடிக்காத புது மாடலுக்குள் வைத்தார். அந்த மாடலில் உள்ளே ஒரு ஃபேன் ஓடும். பனி பிடிக்காமல் இருப்பதற்காக ஈரத்தையெல்லாம் உறிஞ்சி வெளியே தள்ளும். கொத்தமல்லிக் கட்டு அதில் காய்ந்து சருகாகிறது என்று வருகிற கஸ்டமருக்கெல்லாம் வகுப்பு எடுக்கிறவர், தன் செடி என்று வந்ததும் அதை மறந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் துடைப்பக்குச்சி. அன்றைக்கு அவர் டம்ளர் தண்ணீர் எதையும் குடிக்கவில்லை.

கடைசியாக ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதைக் குளிருக்குக் கொடுக்கவே பயந்து இரண்டு வருடம் சும்மா படரவிட்டார். தொட்டி நிறைந்து வழிந்தது. ஒரு பூ இல்லை. போன வருடம்தான் துணிந்தார். இளநீலத்தில் ஒரு பழைய ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜ், ஃபேன் கிடையாது, தட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே தொட்டியை இறக்கினார். பக்கத்தில் வழக்கம்போல ஒரு டம்ளர் தண்ணீர். தொண்ணூறு நாள். ஒவ்வொரு முறை கதவைத் திறந்தாலும் குளிர் ஓடிவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறந்து, கை நிறையத் தண்ணீர் தெளித்து மூடுவார்.

ஞாயிற்றுக்கிழமைதான் அத்தை போன் பண்ணுகிற நாளும். மாமாவின் கையில் எப்போதும் கிரீஸ் இருக்கும், அதனால் போன் ஸ்பீக்கரில் இருக்கும், அதனால் நான்காவது படிக்கும் எல்லாம் கேட்கும்.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"இங்க ஒரே பனி."

"இங்க ஒரே வெயில்."

இப்படியே போகும். ஒவ்வொரு வாரமும் வானிலை அறிக்கை முடிந்ததும் அத்தை ஒரு கேள்வி கேட்பார். "என்ன, காய்ச்சுதா?" கேலியாகத்தான் கேட்பார். ஆனால் ஒரு வாரம்கூடக் கேட்காமல் விட்டதில்லை. மாமா "இன்னும் இல்ல" என்பார். போன் வைக்கப்படும்.

இப்போது நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும்.

மாமா ஒவ்வொரு ஃப்ரிட்ஜின் கைப்பிடியிலும் ஓர் அட்டைத் துண்டைச் செம்புக்கம்பியால் கட்டியிருப்பார். சரியானது என்றால் 'ரெடி'. பார்த்துக்கொண்டிருப்பது என்றால் 'டெஸ்ட்'. செடி இருந்த ஃப்ரிட்ஜில், யாரும் திறக்கக்கூடாது என்று, 'டெஸ்ட்' தொங்கியது. அதன் பக்கத்தில் அதே இளநீலத்தில் அதே மாடல் ஒன்று, ஒரு தையல்காரம்மாவுடையது, 'ரெடி'யாக நின்றது. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மாமா ஒரு ஹோட்டலின் குளிர் அறையைப் பார்க்கப் போயிருந்தார். எனக்குப் பொழுது போகவில்லை. இறங்கிப் போய் இரண்டு அட்டையையும் மாற்றிக் கட்டிவிட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்துவிட்டு, "ஏ வாலு!" என்று படிக்கட்டைப் பார்த்துக் கத்துவார், நான் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். திட்டம் அவ்வளவுதான். டப்பாத் தண்ணீரில் நீல மையைக் கலந்தபோதும் அப்படித்தான் கத்தினார். அவர் கத்துவது எனக்குப் பிடிக்கும். வாரம் முழுக்க அந்த வீட்டிலிருந்து வருகிற மனுசச் சத்தம் அது ஒன்றுதான்.

அம்மா கடைக்கு அனுப்பினாள். நான் திரும்பி வந்தபோது வேன்காரர் வந்து போயிருந்தார். அட்டையைப் பார்த்து எடுத்துப் போவது அவர் வழக்கம். ஓர் இளநீல ஃப்ரிட்ஜ் இல்லை. எது போயிற்று? நின்றதில் 'டெஸ்ட்' என்று இருந்தது. மாமாதான் வந்து பார்த்து, திருப்பி மாற்றிக் கட்டி, சரியானதை அனுப்பியிருப்பார் என்று என் மனதுக்கு வசதியான கணக்கைப் போட்டுக்கொண்டேன். கணக்கில்தான் நான் புலியாயிற்றே.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எழுபதாவது நாள். போன் மேஜையில் இருந்தது.

"செடி குளிர்ல எப்படி இருக்கு?" என்று அத்தை கேட்டார். அதிசயமாக அன்றைக்குக் கேலி இல்லை.

"நல்லா இருக்கு. போன வாரம் இலையெல்லாம் செம்பழுப்பாயிருச்சு. உங்க ஊர்லயும் அப்படித்தான் ஆகும்னியே. இரு, இப்ப எப்படின்னு பாத்துச் சொல்றேன்."

குரலில் அத்தனை உற்சாகம். தெளிக்கத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். உள்ளே மூன்று தட்டு. நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர். வேறு எதுவும் இல்லை.

அவர் அசையவில்லை. ஃப்ரிட்ஜின் வெளிச்சம் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. உள்ளங்கைத் தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகித் தரையில் விழுந்தது.

"என்னங்க? இலை எப்படி இருக்கு?"

"நல்லா... நல்லா சிவப்பா இருக்கு" என்றார் மாமா, காலி ஃப்ரிட்ஜைப் பார்த்து.

 நான்காவது படியிலிருந்து எழுந்தேன்.

தையல்காரம்மாவின் ஃப்ரிட்ஜை வேனில் ஏற்றிக்கொண்டு வேன்காரர், நான், மாமா மூன்று பேரும் போனோம். நான் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தையல்காரம்மாவின் வீடு மூன்றாவது மாடி. கழுத்தில் அளவு நாடாவோடு கதவைத் திறந்தார்.

"வாங்க வாங்க! நானே போன் பண்ணணும்னு இருந்தேன். கைப்பிடியக்கூடப் புதுசா மாத்திட்டீங்க போல? தட்டு மட்டும் ஒண்ணையும் காணோம்."

"உள்ள ஒரு தொட்டி இருந்துச்சாம்மா?"

"அந்தச் செடியா? பூத்தொட்டியும் சேர்த்துக் கொடுக்கிற மெக்கானிக்க நான் பாத்ததே இல்ல. ஐயோ பாவம், ஜில்லுனு கெடந்துச்சு. அன்னிக்கே எடுத்து வெயில்ல வச்சுட்டேன். தெனம் ரெண்டு சொம்பு தண்ணி ஊத்துறேன். பாருங்க, எப்படிப் பச்சையாகுதுன்னு!"

பால்கனியில் இருந்தது. ஆறு நாள் வெயில், ஆறு நாள் குழாய்த் தண்ணீர். சிவந்திருந்த இலையெல்லாம் பச்சைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தம்மா பெருமையாக நின்றார். மாமா மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். "நல்லாப் பாத்துக்கிட்டீங்கம்மா" என்றார். 

ஃப்ரிட்ஜை மாற்றி வைத்துவிட்டுத் திரும்பும்போது வேனில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் சட்டைப்பையிலிருந்து ஒரு செம்புக்கம்பியை எடுத்தார். அட்டையைக் கட்டியிருந்த கம்பி.

"நான் கட்டினா மூணு சுத்து இருக்கும். இது ஒரு சுத்துதான்."

"மாமா..."

"சும்மா இரு. பேசினா செடி ஆடுது."

செடி ஆடவில்லை. கம்பியைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவர் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. தினமும் போய் நின்றேன். ஏசித் தண்ணீர் வாளியை நானே தூக்கிவந்து வைத்தேன், எடுத்துக்கொண்டார். மண்ணின் உப்புப் போக மூன்று நாள் ஏசித் தண்ணீரிலேயே அலசினார். பிறகு தொட்டியை மறுபடி குளிருக்குள் இறக்கினார். விட்ட இடத்திலிருந்து எண்ணுவதா, முதலிலிருந்து எண்ணுவதா? கேட்க ஆளில்லை. அறுபத்து நான்கிலிருந்து எண்ணி, தொண்ணூறுக்கு மேல் இன்னும் பத்து நாள் சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் "எப்படி இருக்கு?" என்று போன் கேட்டது. "பாக்கலாம்" என்றார் மாமா.

வெளியே எடுத்து, நிழலில் வைத்து, ஏழாவது வாரம். காலையில் கீழேயிருந்து "ஏ வாலு!" என்று ஒரு கத்தல். நான் பல்தேய்க்கும் பிரஷ்ஷோடு ஓடினேன்.

அத்தனை கொடியில் ஒரே ஒரு நுனி நிமிர்ந்து நின்றது. அதில் மூன்று பூ. வெளிர் ரோஜா நிறம், கடலைப்பருப்பு அளவு, இதழெல்லாம் பின்னால் மடங்கித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, திட்டு வாங்கின பிள்ளை மாதிரி. தேனீ வருமா என்று ஒருநாள் பார்த்தார். எங்கள் தெருவுக்கு ஈ வரும், தேனீ எங்கே வரும்? ஃப்ரிட்ஜ் கதவு ரப்பருக்குப் பசை தடவுகிற பிரஷ்ஷில் புதிதாக ஒன்றை எடுத்துப் பூவுக்குப் பூ தொட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு. நானும் பிடித்துக்கொண்டேன். இரண்டு உதிர்ந்தது. ஒன்று பிடித்தது.

அந்த ஒற்றைக் காய்க்கு அவர் குடை கட்டினார். எறும்புக்குத் தொட்டியைச் சுற்றித் தண்ணீர் கட்டினார். காய் பச்சையாக இருந்து, வெளுத்து, ஒரு கன்னம் மட்டும் சிவந்து, ஒரு வழியாக முழுக்கச் சிவந்தது.

அந்த ஞாயிறு நான் நான்காவது படியில் முன்கூட்டியே இடம் பிடித்துவிட்டேன். பனி, வெயில், சாப்பாடு எல்லாம் ஆயிற்று.

"என்ன, காய்ச்சுதா?"

"இன்னும் இல்ல" என்றார் மாமா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன் வைத்ததும் இறங்கினேன். "ஏன் மாமா பொய் சொன்னீங்க?"

"இன்னும் கொஞ்சம் செவக்கட்டும்."

"இதுக்கு மேல செவந்தா வெடிச்சிரும்."

அடுத்த ஞாயிறும் "இன்னும் இல்ல". அதற்கு அடுத்த ஞாயிறும். அன்றைக்கு மாமா டம்ளர்களை முன்னால் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றை எடுத்துக் குடித்தேன். அவர் தடுக்கவில்லை.

"காய்ச்சுருச்சுன்னு சொல்லி, அவ வரலைன்னா?" என்றார். ஒரு டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, "அப்புறம் ஞாயித்துக்கிழமை அவ என்னத்தக் கேப்பா? கேக்குறதுக்கு ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுமே, வாலு."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்ததுதான் தொந்தரவு. அந்த வாரம் பூராவும் அந்தக் காய் என் கண்ணிலேயே நின்றது. யாருக்காகப் பழுத்ததோ அவருக்குத் தெரியாமல் குடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

நான்காவது ஞாயிறு. "என்ன, காய்ச்சுதா?"

மாமா வாயைத் திறப்பதற்குள் படியிலிருந்து கத்தினேன். "காய்ச்சுருச்சு அத்தை! ஒரு மாசமாச்சு!"

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் எழுதப் போவதில்லை.

போனுக்குள் ரொம்ப தூரத்தில் ஒரு மணி அடித்தது. அங்கே யாரோ கிழவர் கூப்பிடுகிற மணியாக இருக்கும்.

"எத்தனை?" என்று கேட்டார் அத்தை.

"ஒண்ணு" என்றார் மாமா. செய்த தப்பை ஒப்புக்கொள்கிற குரல்.

"ஒண்ணேயொண்ணா?" சிரித்தாரா என்னவென்று தெரியவில்லை, மூக்கை உறிஞ்சின மாதிரியும் இருந்தது. "இந்த வெயில்லயா..."

மணி மறுபடி அடித்தது.

"சரி. பறிச்சிடாதீங்க. கூப்பிடுறாங்க, வைக்கிறேன்."

மாமா போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓடிவிடலாமா என்று யோசித்தேன். 

"வாலு. இங்க வா. அவ என்ன சொன்னா?"

"பறிச்சிடாதீங்கன்னாங்க."

"வர்றேன்னு சொன்னாளா?"

"இல்ல மாமா."

"வரலைன்னு சொன்னாளா?"

"அதுவும் சொல்லல."

தலையை ஆட்டினார். கம்ப்ரசரில் காதை வைத்துச் சத்தம் கேட்கும்போது அப்படித்தான் ஆட்டுவார். பிறகு எழுந்து முற்றத்துக்குப் போனார். "இந்தப் பழம் கொடியிலேயே ரொம்ப நாள் நிக்கும். குளிர்ல இருந்தா இன்னும் நிக்கும். எப்படியும் குளிர் வைக்க வேண்டிய காலம்தான்" என்று தொட்டியிடம் சொன்னார், அல்லது என்னிடம்.

தொட்டியை இருவரும் தூக்கிவந்து அந்த இளநீல ஃப்ரிட்ஜுக்குள் இறக்கினோம். காய் ஒருமுறை ஆடி நின்றது. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார். கதவை மூடினார். 'டெஸ்ட்' அட்டையையும் ஒரு துண்டுச் செம்புக்கம்பியையும் என் கையில் கொடுத்தார்.

"நீயே கட்டு."

ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணி எண்ணிச் சுற்றினேன். மாமா குனிந்து பார்த்தார். அப்புறம் தன் கையால் நாலாவதாக ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினார்.